இணைச்சீருக்கு எடுத்த சேலை

மண்டி மொஹல்லா, மைசூரு
12 ஜூலை 2024

அன்புத் தங்கை தாரணிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் மாமாவும் என் மாமியாரும் மகளும் சுகம். நானும் அப்படியே.

கடிதத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். ஒருவரும் போகவில்லை. போனில் பேசலாம் என்றால் இந்த வீட்டின் லட்சணம் உனக்குத் தெரியும். கீழே கடையில் மஞ்சள் மூட்டையும் மிளகாய் மூட்டையும், மேலே ஒன்றரை அறையில் நாங்கள். நான் 'ஹலோ' என்றால் போதும், "ஆரு கண்ணு? என்ன சொல்றாங்க?" என்று அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். வாட்ஸாப்பில் தமிழ் அடிக்க எனக்கு வராது, குரலில் பேசி அனுப்பினால் இங்கே என் மகள் கேட்பாள், அங்கே உன் மகள் கேட்பாள். ஆனால் இந்த வீட்டில் தமிழ் எழுத்து படிக்க ஒருவருக்கும் வராது. மாமாவும் மகளும் கன்னடப் பள்ளி, அத்தை பள்ளிக்கே போனதில்லை. ராமாபுரத்தில் கன்னடப் பள்ளிதான் என்று நம் இரண்டு பேரையும் அந்தியூரில் தாய்மாமன் வீட்டில் விட்டுத் தமிழ் படிக்க வைத்தது இதற்காவது உதவட்டும். பதிலைப் பக்கத்து வீட்டு சரசு பெயருக்குப் போடு. தையல் மிஷின் வைத்திருக்கிறாளே, அவள்தான்.

விஷயம் இதுதான். என் இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. நெல்லிக்காய் அளவு. வலியே இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பேன். வலிக்காததால் சும்மா விட்டேன், உகாதி சமயத்திலிருந்தே இருக்கிறது. சரசுவுக்கு மட்டும் தெரியும். அவள் ஆஸ்பத்திரிக்கு வா என்று உயிரை எடுக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது தாரணி. நீ என்ன சொல்கிறாய்?

தம்பி சந்துருவுக்குப் பார்த்த கொள்ளேகால் பெண் என்ன ஆயிற்று? அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
ஜோதிமணி


ராமாபுரம்
23 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாரணி எழுதிக்கொண்டது. அம்மா, சந்துரு, இவர், பாப்பா எல்லோரும் நல்லபடி. மழை ஒரு வழியாகப் பெய்து மக்காச்சோளம் தலை நிமிர்ந்துவிட்டது.

நெல்லிக்காய் என்கிறாயே, உனக்கு எதைச் சொன்னாலும் சாப்பாட்டுச் சாமான்தான். வலிக்காத கட்டி பால்கட்டிதான் அக்கா, பயப்படாதே. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போடு. ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போகாதே. அப்பாவோடு பிறந்த நாச்சம்மாள் அத்தையை மறந்துவிட்டாயா, அவளுக்கும் மார்பில்தானே வந்தது? நடந்துதானே ஆஸ்பத்திரிக்குப் போனாள். கத்தி பட்டதும் உடம்பெல்லாம் பரவிப்போய், தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்களாம், அதுவும் கத்தி மாதிரிதான். விடாதே.

கொள்ளேகால் பெண் முடிகிற மாதிரி இருக்கிறது. பெயர் மோகனப்ரியா, டிகிரி படித்தவள். சந்துருவுக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது, எத்தனை இடத்தில் தட்டிப்போனது என்று உனக்கே தெரியும். இப்போது கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே இருக்கிறான். நடந்தால் தை மாதம் கல்யாணம். பெரிய அக்காவாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீதான் இணைச்சீர் செய்ய வேண்டும், இப்போதே கால் மடக்கி உட்காரப் பழகிக்கொள்.

ஆடி வெள்ளிக்கு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். என்னால் போக முடியவில்லை, வீட்டுக்குத் தூரம். வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
தாரணி


மைசூரு
5 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகமா? பதில் தாமதம். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

நீ சொன்ன பற்றை ஒரு மாதம் போட்டேன். தோல் வெந்து கொப்புளம் வந்ததே தவிரக் கட்டி கரையவில்லை, எலுமிச்சை ஆகிவிட்டது. மறுபடி சாப்பாட்டுச் சாமான் என்று சிரிக்காதே. ரவிக்கைத் துணி எடுக்கப் போகிறோம் என்று அத்தையிடம் பொய் சொல்லி, சரசு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஊசி வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டேன். நம் அத்தை கதையைச் சொன்னேன். அந்த டாக்டரம்மா சின்ன வயசுதான். முழுவதும் கேட்டுவிட்டு, "அவங்களுக்கு அப்போ புண்ணு ஆகியிருந்ததா?" என்று கேட்டார். ஆமாம், வாடை வரும், பக்கத்தில் போக முடியாது என்றேன். "கத்தியிந்த ஹரடல்லம்மா" என்றார். கத்தியால் பரவாது, அவர்கள் வரும் முன்பே பரவியிருக்கும், கடைசியில் வந்ததால் கத்தி மேல் பழி விழுந்துவிட்டது என்று விளக்கினார்.

நாம் எத்தனை வருஷமாக இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம் என்று யோசித்துப் பார். ஊசி போட விட்டேன். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. முடிவு வர வேண்டும்.

இப்படிக்கு
ஜோதிமணி


ராமாபுரம்
16 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் சுகம். உன் சுகத்தைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

ஏன் அக்கா ஊசி போட விட்டாய்? டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

சந்துருவுக்கு உறுதியாகிவிட்டது. பெண்ணின் அம்மா கமலம்மாள் நாலு பேரோடு வந்து வீடு பார்த்துவிட்டுப் போனார். போகிற நேரத்தில் மெதுவாக, "உங்க நாச்சம்மா அந்த நோவுலதான் போனாங்கன்னு பேசிக்கிறாங்களே, நெசமுங்களா?" என்று கேட்டார். அம்மா கண்ணிமைக்காமல், "இல்லீங், அது மஞ்சக்காமாலைங்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கும் நான் தூரம் என்பதால் சமையல்கட்டுக்குள் போகவில்லை, அடுத்த வீட்டு ரங்கம்மா காபி போட்டுக் கொடுத்தாள். வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

முடிவு என்னவாக இருந்தாலும் தை வரை பொறுத்துக்கொள். அது நம் வம்சத்தில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கொள்ளேகாலுக்குப் போனால் இந்தக் கல்யாணமும் நின்றுவிடும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தாரணி


மைசூரு
8 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். நல்லவேளை எழுதுவது வலது கை, இடது கையை இன்னும் தூக்க முடியவில்லை.

புற்றுநோய்தான். தை வரை பொறுக்கலாமா என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். "கல்யாணத்துக்கு தேதி இருக்கு, இதுக்கு தேதி கிடையாது" என்றார். அதன் பிறகுதான் உன் மாமாவிடம் சொன்னேன். அவர் கடையைச் சாத்திவிட்டு மாடிப்படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் என்னோடு வந்து கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கத்தை எடுத்தாயிற்று. அடுத்த வாரம் மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். சீக்கிரமே வந்திருந்தால் முழுசாக எடுக்க வேண்டியிருந்திருக்காது என்றார்கள். உன்னைக் குறை சொல்லவில்லை. பற்றைப் போட்டது என் கைதான்.

வீட்டுக்கு வந்தால் அத்தை எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் எடுத்து வைத்திருக்கிறார். அடையாளத்துக்குத் தட்டின் அடியில் நகப்பூச்சால் ஒரு பொட்டு. மகளுக்கு அவர் பக்கத்தில் படுக்கை. "புள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா என்ன பண்றது, நாளைக்குக் கட்டிக்கொடுக்கோணும்" என்கிறார். கெட்டவர் இல்லை, எனக்காக அழுதுகொண்டேதான் தட்டைத் தனியாகக் கழுவுகிறார். தொட்டால் ஒட்டுமா என்று மாமா டாக்டரிடம் கேட்டார். ஒட்டாது, சேர்ந்து சாப்பிடலாம், சேர்ந்து படுக்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள். அதை என்னிடம் சொன்னார். அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எனக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்திருக்கிறார். சந்து ஜன்னல் பக்கம் நான் நிற்கக் கூடாது. ஒன்றரை அறையில் எனக்குக் கிடைத்திருப்பது அந்த அரை அறைதான். மூட்டைகளின் மிளகாய்க் காரம் படியேறி வருகிறது, ஆள் யாரும் வருவதில்லை.

ஒரு விஷயம். அக்கா தங்கைகளும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றார்கள். சாமராஜநகரில் காட்டிக்கொள். மறக்காதே.

ஜோதிமணி


ராமாபுரம்
17 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு தினமும் எடுத்துப் படித்தேன். பதில் எழுதத்தான் ஒரு மாதம் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள். மருந்து ஏற்றுகிறார்களா? சாப்பாடு இறங்குகிறதா?

இதை எழுதச் சொல்லி அம்மா என்னிடம் விட்டுவிட்டாள். கல்யாணம் ஜனவரி முப்பதாம் தேதி. நீ வர வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். தலைமுடி கொட்டியிருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்கிறார்கள். இணைச்சீருக்கு என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். இதைக் கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன சந்துரு இருட்டிய பிறகுதான் வந்தான். உனக்கென்று எடுத்த சேலை, அரக்கில் பச்சைக் கரை, கொள்ளேகால் பட்டு. அதையே நான் கட்டிக்கொள்ள வேண்டுமாம். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பரிசோதனை எல்லாம் எனக்கு எதற்கு? நான் கல்லு மாதிரி இருக்கிறேன். கார்த்திகைக்கு மட்டும் என்னால் விளக்கு வைக்க முடியவில்லை, தூரமாகிவிட்டது, பாப்பாதான் வைத்தாள். வாசல் முழுக்க அழகாக இருந்தது.

உன் தங்கை
தாரணி


மைசூரு
2 ஜனவரி 2025

தாரணிக்கு,

நலம்.

முடி கொட்டிவிட்டது. மிச்சத்தை சரசு வழித்துவிட்டாள். வாய் முழுக்கப் புண். கல்யாணத்துக்கு வரவில்லை என்று அம்மாவிடம் சொல். மாமாவும் மகளும் வருவார்கள், எனக்குப் பித்தப்பைக் கல் என்று ஒரே மாதிரி பேசுவார்கள்.

சந்துருவைக் குளிப்பாட்டி, தூக்கிச் சுமந்து வளர்த்தவள் நான். இணைச்சீரில் பெண்ணுக்கு எடுத்த கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அக்கா கையில். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவன் பெண் கிடைக்காமல் நின்ற வருஷமெல்லாம் நானும் காத்திருந்தேன். கோபம் உன் மேல் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை.

சீர் முடிந்ததும் அந்தச் சேலையை எனக்கு அனுப்பு. வீட்டுக்குள்ளேயாவது கட்டிக்கொள்கிறேன்.

அக்கா


ராமாபுரம்
18 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மாமா சொல்லியிருப்பார், கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. மோகனப்ரியா நல்ல மாதிரி. வந்த மறுநாளே "பெரிய அண்ணி எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். அம்மா பேச்சை மாற்றிவிட்டாள்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். முகூர்த்தத்தன்று விடியற்காலையில் நான் தூரமாகிவிட்டேன். மாத்திரை போட்டும் நிற்கவில்லை. உன்னையும் வர வேண்டாம் என்றாயிற்று, நானும் உட்காரவில்லை என்றால் சீருக்கு ஆள் ஏது? யாரிடமும் சொல்லாமல் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். சீரை நடத்தி வைக்கிற அருமைக்காரர் கூறையின் முனையைக் கையில் கொடுத்தபோது அழுதுவிட்டேன். எல்லோரும் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள். சாமி குத்தம் ஆகிவிட்டதோ என்று அன்றிலிருந்து தூக்கமில்லை.

சேலையை இப்போது அனுப்ப முடியாது. துவைத்ததில் கொஞ்சம் சாயம் கலைந்துவிட்டது. வேறு எடுத்து அனுப்புகிறேன்.

தாரணி


மைசூரு
24 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

கொள்ளேகால் பட்டில் சாயம் கலையுமா? யாரிடம் சொல்கிறாய்?

உன் கடிதங்கள் எல்லாம் சரசுவின் துணிக்கூடையில் இருக்கின்றன. வாங்கி வந்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து திரும்பப் படித்தேன். கூழுக்குப் போகவில்லை, தூரம். சம்பந்தி வந்தபோது காபி போடவில்லை, தூரம். கார்த்திகை விளக்கு வைக்கவில்லை, தூரம். கல்யாணத்தன்றும் தூரம். நான் என் நோயைப் பற்றியே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். உன்னைப் படிக்கவில்லை.

நேராகக் கேட்கிறேன். இடையிடையிலும் படுகிறதா? மாப்பிள்ளையோடு இருந்த பிறகு படுகிறதா? வாடை இருக்கிறதா? எத்தனை மாதமாக? சேலையில் இருப்பது இரத்தக் கறைதானே?

நேற்று டாக்டரம்மாவிடம் உன் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். இப்படிப் படுவதற்குப் பல காரணம் இருக்கலாம், எல்லாம் புற்றுநோய் இல்லை, ஆனால் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, கர்ப்பப்பை வாயைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். பார்ப்பதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆகுமாம். இங்கே வா. நான் கூட வருகிறேன்.

உடனே எழுது.

அக்கா


ராமாபுரம்
29 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடைசி ஊசி முடிந்ததா?

நீ மார்ச்சில் எழுதியது இரண்டும் கிடைத்தன. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்டதெல்லாம் ஆமாம்தான். போன வருஷம் மழைக்கு முன்பே ஆரம்பித்தது. உனக்கு ஊசி வேண்டாம் என்று எழுதினேனே, அது உனக்கு எழுதியதா எனக்கு எழுதியதா என்று இப்போது தெரியவில்லை. உனக்கு அதுதான் என்று ஆகிவிட்டால் எனக்கும் அதுதான் என்று ஆகிவிடும் போல இருந்தது.

வயசு ஆகிறது, நிற்கப்போகிற சமயத்தில் இப்படித்தான் இருக்கும் என்று ரங்கம்மா சொல்கிறாள். உடம்புச் சூடு என்று வெந்தயம் சாப்பிடுகிறேன். போன வாரம் தோட்டத்தில் மயங்கி உட்கார்ந்துவிட்டேன், வெயில்தான்.

என்னால் வர முடியாது அக்கா. மார்பு என்றாலாவது வாய்விட்டுச் சொல்லலாம். இதை என்னவென்று இவரிடம் சொல்லுவேன்? கெட்ட நடத்தைக்காரிக்குத்தான் அந்த இடத்தில் வரும் என்று இங்கே பேசுகிறார்கள். பாப்பாவுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். வீட்டைத் தாண்டி எங்கே கால் வைத்தாலும், "எங்க போறீங்?" என்று கேட்க ஊரில் ஆள் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இனி இதைப் பற்றி எழுதாதே. நீ நன்றாக இரு.

தாரணி


மைசூரு
5 மே 2025

அன்புத் தங்கை தாரணிக்கு,

நான் நலம். நீ நலமில்லை. அதைத் தெரிந்துகொண்டு இங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

கெட்ட நடத்தை என்பதை நானும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். பெரும்பாலும் ஒரு கிருமியால் வருவது, புருஷனைத் தவிர வேறு முகம் பார்க்காதவர்களுக்கும் வரும் என்றார். சொல்லிவிட்டு, "அவங்களை வரச் சொல்லுங்க, பேச்சை அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

நேற்றுச் சாயங்காலம் உன் மாமாவிடம், தாரணியைக் கூட்டி வரப்போகிறேன், இங்கேதான் தங்குவாள், என் தட்டிலேயே சாப்பிடுவாள் என்று சொன்னேன். சாப்பிட உட்கார்ந்தபோது அவர் அலமாரியிலிருந்து அந்தப் பொட்டு வைத்த தட்டை எடுத்து, அதில் தனக்குச் சோறு போடச் சொன்னார். அத்தை பார்த்துக்கொண்டே நின்றார். "தட்டுதானேம்மா" என்றார் மாமா. இதை அவர் நவம்பரிலேயே செய்திருக்கலாம். இருந்தாலும் நான் அழுதுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ராமாபுரம் வருகிறேன். தலையில் முக்காடு போட மாட்டேன். இப்போதுதான் முடி முளைக்கிறது, முழங்கை ரோமம் அளவு. பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைவீதி வழியாகத்தான் நடந்து வருவேன். யார் கேட்டாலும் எனக்குப் புற்றுநோய், வைத்தியம் பார்த்தேன், நாச்சம்மாள் அத்தைக்கும் அதுதான் என்று சொல்வேன். கமலம்மாள் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். தாலி ஏறிவிட்டது, மோகனப்ரியா கேட்ட கேள்விக்கும் பதில் சொன்ன மாதிரி இருக்கும். அம்மா என்னைத் திட்டட்டும்.

உன் விஷயத்தை நான் வாய் திறந்து யாரிடமும் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளையிடம் எப்போது சொல்வது என்பது உன் இஷ்டம். ஊரே என் மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். உன்னை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் நீ பையை எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறு. எங்கே போகிறாய் என்று கேட்டால் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, துணைக்குப் போகிறேன் என்று சொல். அதைச் சொல்ல உனக்கு வாய் வரும்.

பைக்குள் அந்தச் சேலையை வை. துவைக்க வேண்டாம், கறையோடு வை. அது எனக்கு எடுத்தது. உன்னை உள்ளே அனுப்பிவிட்டு டாக்டரம்மா அறை வாசலில் உட்கார்ந்திருக்கும்போது நான் அதைத்தான் கட்டிக்கொண்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை வாசலில் நில்.

ஜோதிமணி